ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

என் வீட்டில் நான் ஒருத்திதான். இதைச் சொன்னதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அம்மா போன பிறகு, சென்னையில் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் இந்த முதல் மாடி வீட்டில், இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக, நானும் என் கம்ப்யூட்டரும் இருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இப்போது யாராவது கேட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

பாடியில் ஒரு தொழிற்சாலைக்கு வரைபடம் சரிபார்ப்பது என் வேலை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போகிற சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள். அளவு சரியா, பாக எண் சரியா, ஒரே எண்ணை இரண்டு பாகத்துக்குப் போட்டுத் தொலைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சிவப்பு வட்டம் போட வேண்டும். முன்பெல்லாம் பஸ்ஸில் போய்வந்தேன். கூட்டத்தில் நசுங்குவேன், சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பேன், மத்தியானம் நாலு பேர் டப்பாவிலும் கை வைப்பேன். கொரோனா வந்தபோது எல்லோரும் வீட்டிலிருந்து பாருங்கள் என்றார்கள். பிறகு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னை மட்டும், நீங்கள் வீட்டிலிருந்தே பிரமாதமாகச் செய்கிறீர்களே என்று விட்டுவிட்டார்கள். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். என் மேசை மேல் இப்போது பிரிண்டர் வைத்திருக்கிறார்களாம்.

ஆக, நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருக்கக்கூடிய வாழ்க்கை எனக்கு அமைந்தது. சாயங்காலம் கீழே கடையில் போய்ப் பால் கேட்கும்போது குரல் கரகரவென்று வரும். அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இரண்டாம் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. திருநெல்வேலிப் பக்கம். கணவன் ஐ.டி. கம்பெனியில், மகள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில், மனைவி வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். வந்த கையோடு இன்டர்நெட்டுக்குச் சொல்லிவைத்தார்கள். தெரு முனைக் கம்பத்துப் பெட்டியில் இடம் காலியில்லை, யாராவது விட்டால்தான் உண்டு என்று பதில் வந்தது. மாடிப்படியில் டியூஷன் எடுக்கிற அந்தப் பெண் இதைச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

"என்கிட்டேருந்து ஒரு ஒயர் இழுத்துக்குங்க. நான் ஒருத்திக்கு எவ்ளோ வேணும்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரலில் எத்தனை ஆசை இருந்தது என்று எனக்கே கேட்டது.

எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேரானால் பக்கத்து வீட்டிலிருந்து குழாய் போட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டு டிவி கேபிள் இன்னொரு வீட்டு ஜன்னலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அவர்கள் பால்கனியிலிருந்து ஒரு நீல ஒயர் இறங்கி, துணி காயப்போடும் கொடியோடு சேர்ந்து வந்து, என் சமையலறை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நுழைந்தது. காற்றில் ஆடாமல் இருக்கத் துணி கிளிப்பை வரிசையாகப் போட்டாள். ஒயர் வந்த மறுநாள் ஒரு டப்பாவில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி வந்தது. டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஊரிலும் உண்டு, எங்கள் தெருவிலும் உண்டு. நான் கேசரி கிளறிப் போட்டு அனுப்பினேன். அதிலிருந்து அவர்கள் டப்பா ஒன்று என்னிடமோ, என் டப்பா ஒன்று அவர்களிடமோ எப்போதும் இருந்தது.

வெறும் ஒயர் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் ஆகும், மூன்று பேர் போனுக்கு ஆகாது. அதனால் அவர்கள் கடையில் ஒரு வைஃபை பெட்டி வாங்கிவந்து ஒயரின் மேல் நுனியை அதில் செருகினார்கள். பெட்டியின் பின்னால் நாலு ஓட்டை மஞ்சள், ஒன்று மட்டும் தனியாக நீலம். நாலு இருக்கிற பக்கம்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது, மஞ்சளில் செருகிவிட்டார்கள். விளக்கெல்லாம் எரிந்தது, போனில் படம் ஓடியது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

கோளாறு உடனே ஆரம்பித்தது. ஓடும், நின்றுவிடும், மறுபடி ஓடும். மேலே அவள் வகுப்பு பாதியில் அறுந்துபோகும். கீழே என் வரைபடம் பாதி திறந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு படியில் செருப்புச் சத்தம், கதவில் இரண்டு தட்டு.

"அக்கா, நெட் போயிட்டு."

இதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், என் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற இன்டர்நெட் பெட்டியை அணைத்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுவது. போட்டபின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வரவேண்டும். அந்த நேரம் மேலே போய்விட்டு வருவதற்குப் போதாது, நின்றுகொண்டே இருப்பதற்கு அதிகம். அதனால் அவள் உட்காருவாள். உட்கார்ந்தவளுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? நான் டிக்காஷனைச் சூடு பண்ணுவேன்.

அந்தப் பச்சை விளக்கு வருவதற்குள் நாங்கள் பேசித் தீர்த்தது கொஞ்சமில்லை. தண்ணீர் உப்பாக இருப்பது, கணவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊமையாக இருப்பது, மகள் எது கேட்டாலும் "ம்" என்பது. ஒரு நாள் சொன்னாள்: "பிள்ளைக யாரும் கேமரா போடாதுக அக்கா. கறுப்புக் கட்டத்தைப் பாத்துதான் பாடம் நடத்துதேன். பேரு மட்டும் இருக்கும், மூஞ்சி இருக்காது. புரிஞ்சுதான்னு கேட்டா ஒரு சத்தமும் வராது."

"எனக்கு அந்தக் கட்டம்கூட இல்லியே" என்றேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது, எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை எப்போதோ வந்திருந்தது.

சில நாள் மகள் வருவாள். உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்று போனைத் தட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, வந்துருச்சா?" என்பாள். கணவன் வந்தால் வாசலுக்கு வெளியேயே நின்று, "மேடம், கொஞ்சம் ரீஸ்டார்ட்..." என்று இழுப்பார். மேடம் என்று கூப்பிட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் ஒரு ஆள் வந்து நின்றதுதானே.

இந்த ரகளையில்தான் ஒரு நாள் என் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எந்தெந்தக் கருவி என் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. முன்பு அதில் என் போன், என் கம்ப்யூட்டர், டிவி. இப்போது அவற்றுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் "அம்மா போன்", "அப்பா லேப்டாப்" என்றெல்லாம் இருந்தது. மகள் வைத்த பெயராக இருக்க வேண்டும். என் வீட்டுப் பட்டியலில் அம்மா போன் என்று பார்த்ததும் அந்த வரியையே இரண்டு மூன்று தடவை படித்தேன். என் அம்மா போன் வைத்துக்கொண்டதே இல்லை, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலையும் திறந்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் மகளின் போன் பட்டியலில் ஏறும். பெண் கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள் என்று தெரியும். அதற்கப்புறம் அப்பா லேப்டாப் ஏறும். அவர்கள் என்ன பார்க்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. வந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். எல்லோரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் எழுந்து போய் எனக்குத் தோசை வார்ப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிவி தானாக எரிந்தது. தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால் திரை முழுக்க மாடி வீட்டுப் பெண். யாருக்கோ பிறந்தநாள். நைட்டியோடு, மூக்கில் கேக்கைப் பூசிக்கொண்டு, கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறாள். ஹெட்போன் இல்லாத கணவன் பின்னால் நின்று ஆடுகிறார். மேலே மகள் தங்கள் டிவிக்கு அனுப்பின வீடியோ, ஒயர் ஒன்றாக இருந்ததால் வழி தவறி என் டிவிக்கு இறங்கியிருக்கிறது. ரிமோட் என் கையில்தான் இருந்தது. அணைத்திருக்கலாம். என் ஹாலில் அத்தனை சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அப்படியே உட்கார்ந்து பார்த்தேன்.

படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். "ஆன்ட்டி! ஸாரி ஆன்ட்டி! உங்க டிவிக்கு வந்துருச்சா?"

"வந்துச்சும்மா. உங்கம்மா மூக்குல இருந்த கேக் நல்லாவே தெரிஞ்சுது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னாலேயே அவள் அம்மாவும் வந்திருந்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சிரித்தாள். அந்தக் கை என் கண்ணிலிருந்து போகவில்லை.

மறுநாள் கணவன் வாசலில் நின்றார். "மேடம், ரெண்டு வீட்டையும் தனித்தனியா பிரிச்சுர முடியுமா? உங்களுக்குத்தான் தொந்தரவு."

"உங்க வேலையே கம்ப்யூட்டர்தானே, நீங்களே பார்க்கலாமே?"

"நான் வேற பிரிவு மேடம். இதுல கை வச்சா இருக்கிறதும் போயிரும்" என்று சிரித்துவிட்டுப் போனார். உங்களுக்குத்தான் தொந்தரவு என்று ஒருவர் சொன்னால் யாருக்குத் தொந்தரவு என்று எனக்குத் தெரியாதா? கோபம் வரவில்லை. நியாயம்தான்.

அந்த வாரமே அவள் வந்தாள். இந்த முறை நெட் போயிட்டு என்று சொல்லவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பிள்ளைக நின்னுட்டுக அக்கா. கிளாஸ் பாதில பாதில அந்துபோகுதுன்னு வீட்ல சொல்லுதாக. இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு நானும் நிறுத்திரலாம்னு இருக்கேன்."

"நிறுத்திட்டு?"

"சும்மா இருக்க வேண்டியதுதான். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னா கறுப்புக் கட்டம்கூட இருக்காது."

நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. நாளெல்லாம் பேசாமல் இருப்பது எப்படி என்று தெரிந்த ஒருத்தி இந்தக் கட்டடத்தில் போதும்.

இன்டர்நெட் லைன் ஆளைக் கூப்பிட்டேன். வந்தார், ஒயரை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். "லைனு ஸ்ட்ராங்கா கீது மேடம். நம்ம சைடுல ஒண்ணியும் இல்ல. பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

கோபம் வந்தால் எனக்குப் படித்த தமிழெல்லாம் பறந்துவிடும். "இன்னாயா சொல்ற? அதத்தான தெனம் பண்ணிகினு கீறோம்!"

"அப்ப பொட்டி பழ்சாயிருச்சு. புச்சா ஒண்ணு போட்ருங்க" என்று சொல்லி, வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் என் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டிய தாளில் 192.168.1.1 என்று இருந்தது. மேலே போய் அவர்கள் பெட்டியைக் கவிழ்த்தேன். அதிலும் 192.168.1.1. வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள், ஒரே எண். எனக்கு வெட்கமாகப் போயிற்று. காலமெல்லாம் இதைத்தானே சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இருக்கிற போனும் கம்ப்யூட்டரும் வெளியே போக, அந்த எண்ணில் இருக்கிற பெட்டியைத்தான் வழி கேட்கும். நாங்கள் ஒயர் போட்டு இரண்டு வீட்டையும் ஒன்றாக்கியிருந்தோம். கேட்ட கேள்விக்கு இரண்டு பெட்டியும் நான்தான் நான்தான் என்று பதில் சொல்லியிருக்கின்றன. என்னுடையதற்கு வெளியே போக வழி தெரியும், மாடியில் இருப்பதற்குத் தெரியாது. எது முந்திக்கொண்டதோ அதன்படி ஓடியது, நின்றது. என் பெட்டியை அணைத்துப் போட்டால் அது கொஞ்ச நேரம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். எத்தனை காபி!

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. மாடிப் பெட்டியின் எண்ணில் கடைசி 1ஐ மட்டும் 2 ஆக்கி, மற்றக் கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலையையும் அதனிடமிருந்து பிடுங்கிவிடலாம். நெட் ஒழுங்காக ஓடும். இரண்டு வீடும் ஒரே வீடாகவே இருக்கும், அம்மா போன் என் பட்டியலிலேயே இருக்கும். இன்னொரு வழி, அதன் எண்ணை 192.168.2.1 என்று மாற்றி, ஒயரை மஞ்சளிலிருந்து பிடுங்கி அந்த ஒற்றை நீல ஓட்டையில் செருகுவது. அப்போது அவர்கள் வீடு தனி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று என் பெட்டிக்குத் தெரியாது. எந்த வழியில் போனாலும் இனி யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. முதல் வழியில் அந்தப் பட்டியலாவது மிஞ்சும்.

மனசு முதல் வழிக்கே போய்ப் போய் நின்றது. அதில் நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டால் காரணம்கூடச் சொல்லலாம், அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் துண்டை இழுத்து விட்டுக்கொண்ட அந்தக் கை. அவர்கள் வாய்விட்டுக் கேட்டது தனித்தனியாக. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். மகள் ஒயரை மாற்றிச் செருகினாள். நான் 1ஐ அழித்து 2 என்று அடித்தேன். அந்த ஒரு எழுத்துக்கு இத்தனை நாள் பாடு. சேமி என்று கொடுத்ததும் பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தது.

"வர கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். எனக்குத் தெரியாத நேரமா அது?

"அப்ப இன்னைக்கு நான் காபி போடுதேன்" என்று அவள் உள்ளே போனாள்.

அவர்கள் பெட்டி புதிது. பால் பொங்குவதற்கு முன்பே விளக்கு வந்துவிட்டது. "மேடம், சூப்பர்! பறக்குது!" என்றார் கணவன். மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காபி வந்தபோது மேசையில் நான் மட்டும்தான் இருந்தேன். குடித்துவிட்டு, கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே வந்து பட்டியலைத் திறந்தேன். என் போன், என் கம்ப்யூட்டர், டிவி. அதற்குக் கீழே மாடிப் பெட்டி மட்டும், பெயர்கூட இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரே ஒரு வரி.

வகுப்பு அறுபடவே இல்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் அவள் குரல் கேட்கும். நின்ற பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்ததாகவும், புதிதாக இன்னும் சிலர் சேர்ந்திருப்பதாகவும் மாடிப்படியில் ஒரு நாள் சொன்னாள். "ஒரு வாட்டிகூட நிக்கலை அக்கா!" என்றபோது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கும் உண்மையாகவே சந்தோஷம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டாள்.

பழக்கதோஷத்தில் டிக்காஷன் இரண்டு பேருக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டையும் நானே குடித்தேன், தூக்கம் கெட்டது. ஒரு சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் நின்று சுவிட்சின் மேல் கை வைத்தேன். அணைத்தால் போதும், படியில் செருப்புச் சத்தம் கேட்கும். ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். பிறகு, "ஆங், வெரி குட்!" என்றாள். யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். கையை எடுத்துவிட்டேன். பெட்டியின் மேல் தூசி இருந்தது, முந்தானையால் துடைத்தேன்.

அவர்களுடைய டப்பா ஒன்று என்னிடமே தங்கியிருந்தது. அதைச் சாக்கு வைத்து ஒரு நாள் கேசரி கிளறினேன், முந்திரியைத் தாராளமாகவே போட்டேன். மேலே போனால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வகுப்பு. தட்டினால் வகுப்பு நிற்கும். டப்பாவைப் பையோடு கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விளக்கு வைத்த நேரத்தில் போனில் செய்தி வந்தது. மேலேயிருந்து என் பெட்டிக்கு வந்து, ஊரெல்லாம் சுற்றி, மறுபடி என் பெட்டி வழியாகவே வந்திருக்கும்.

"கேசரி சூப்பர் அக்கா. தேங்க்ஸ். நெட் இப்ப ஜம்முன்னு இருக்கு. இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டோம்."

தொந்தரவு இல்லை, வாங்க என்று அடித்தேன். என்ன கோளாறு என்று சொல்லி அவள் வருவாள்? அழித்துவிட்டு, ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தேன்.